டெம்பிள் பிடித்த தேவேந்திரன்

டெம்பிள் என்ற வார்த்தையைக் கேட்டாலே மஹாலட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஞ்சிபுரத்தில் தடுக்கி விழுந்தால் கோயில். லாட்ஜ் பலகையில் டெம்பிள், ஆட்டோக்காரன் வாயில் டெம்பிள். அதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. புருஷன் தேவேந்திரன் வாயில் அது மாட்டிக்கொண்டதுதான் தலைவேதனை.

எல்லாம் கைடு பாலாஜி செய்த வேலை. தறி பார்க்க அவன் கூட்டிவந்த வெள்ளைக்காரம்மா, சேலையின் குறுக்கே குத்தியிருந்த மூங்கில் கழியைத் தொட்டு, எங்கள் ஊரில் இதற்கும் டெம்பிள் என்றுதான் பேர் என்று சொல்லிவிட்டுப் போனாள். நெய்த துணி குறுகிப் போகாமல் இரண்டு கரையையும் இழுத்துப் பிடிக்கிற கழி அது. அவள் போய்விட்டாள். தேவேந்திரன்தான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அன்றிலிருந்து போனும் கையுமாக அந்த ஒரு வார்த்தையின் குலம் கோத்திரம் விசாரிப்பதே பிழைப்பாகிவிட்டது.

விசாரிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? வெள்ளிக்கிழமை மகள் ஜீவிதாவுக்குக் கல்யாணம். முகூர்த்தச் சேலை இன்னும் தறியில் கிடக்கிறது. "கடைப் பொடவ எதுக்கு? எம்பொண்ணு எங்க தறியில நெய்ஞ்சதத்தான் கட்டிக்கினு மணையில உக்காருவா" என்று ஐயம்பேட்டை சம்பந்தி பூவம்மாளிடம் மஹாலட்சுமி வாய் நிறையச் சொல்லியிருந்தாள். பூவம்மாளும் தறிக்காரிதான். நாளைக்குள் சேலையை அறுத்து எடுக்காவிட்டால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது?

கரை வேறு நிறம், உடல் வேறு நிறம். இந்த மாதிரி கோர்வைச் சேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. தேவேந்திரனுக்குத் தோள்பட்டை நழுவிய பிறகு மஹாலட்சுமிதான் தறிக்குழியில் இறங்கி மிதித்து நெய்கிறாள். அவர் வலப்பக்கம் உட்கார்ந்து, கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ள வேண்டும். அவர் கை நின்றால் இவள் காலும் நின்றுவிடும். அவர் வாய் மட்டும் எதற்கும் நிற்காது.

"கோயிலுக்கும் டெம்பிள், கண்ணோர நெத்திப்பொட்டுக்கும் டெம்பிள், மூக்குக்கண்ணாடி காம்புக்கும் டெம்பிள், நம்ம கழிக்கும் டெம்பிள். வெள்ளக்காரனுக்கு வார்த்தைக்கா பஞ்சம், சொல்லு?"

"நாடாவத் தள்ளுங்க."

தள்ளினார். "லத்தீன்லருந்து வந்துதாம்மா. அந்தக் காலத்துல ஒருத்தன் கையில கோல எடுத்துக்கினு, வானத்துல இங்கருந்து இதுவரைக்கும்னு ஒரு எடத்தப் பிரிப்பானாம். அதுக்குள்ள எந்தப் பறவ எந்தப் பக்கம் போவுதுன்னு சகுனம் பாப்பானாம். அந்த எடத்துக்குத்தான் டெம்ப்ளம்னு பேரு. அப்பால கட்டடம் வந்துச்சி, சாமி வந்துச்சி."

"அங்க சாமி வந்துச்சி. இங்க சேல வரலியே!"

"கேளேன். நெத்திப்பொட்டு வேற வழியா வந்ததுன்றான் ஒருத்தன். தோல இழுத்துக் கட்டுனாப்பல மெலிசா இருக்குதே, அதனாலதான்றான் இன்னொருத்தன். நம்ம கழி எந்த வூட்டுப் புள்ளைன்னு அவனுங்களுக்குள்ளயே தகராறு." நாடாவை மடியில் போட்டுவிட்டு இரண்டு விரலால் தன் நெற்றிப்பொட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கும் அங்கதான் தெறிக்குது, உங்க பேச்சக் கேட்டு! தள்ளுறீங்களா இல்லியா?"

அவர் நாடாவை எடுத்ததும், வந்த ஆத்திரத்தில் மிதியை ஓங்கி மிதித்தாள். நூலை நெருக்கும் பலகையை இழுத்து இழுத்து அடித்தாள். பெண்ணுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு பறவை பார்க்கிறாராம் பறவை! ஏதோ வேகமாகவாவது ஓடுகிறதே என்று அவள் நினைத்த நேரத்தில் கரையில் பட்டென்று ஓர் இழை அறுந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. குனிந்து பார்த்தாள். கழி எங்கோ பின்னால் கிடந்தது. அதைத் தாண்டி நெய்த ஒரு சாண் துணி இடுப்பு சிறுத்த மாதிரி உள்ளே ஒடுங்கிப் போயிருந்தது.

"போச்சு! எல்லாம் போச்சு! உங்க வாயில மண்ண வெக்க! வாய வெச்சிக்கினு சும்மா இருந்தா இப்பிடி ஆவுமா? எம்மானத்த வாங்கிட்டீங்களே!"

தேவேந்திரன் எழுந்து போய்ச் சின்னக் கத்தரியை எடுத்து வந்தார். ஒடுங்கின இடத்தில் குறுக்கே ஓடிய ஊடை நூலை வெட்டி உருவ ஆரம்பித்தார்.

நேரம் பார்த்து வந்தாள் பூவம்மாள். தாம்பூலப் பை வாங்கக் காஞ்சிபுரம் வந்தவள், மருமகள் சேலையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தாள். தறிக்காரி கண் வேறெங்கே போகும்? ஒடுங்கின இடத்தில்தான் போய் நின்றது.

"இன்னா சம்மந்திம்மா, கழிய நவத்தலியா?"

மஹாலட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. ரெண்டு விரற்கடைக்கு ஒருமுறை கழியைப் பிடுங்கி முன்னால் குத்துவது குழியில் உட்கார்ந்து நெய்கிறவர் வேலை. பக்கத்தில் இருக்கிறவர் அதில் கை வைப்பதில்லை. மறந்தது அவள்தான். அவரைத் திட்டுகிற மும்முரத்தில் மறந்திருக்கிறாள். அது தெரிந்தும் மனுஷன் வாயைத் திறக்காமல் கத்தரியைத் தேடிப் போயிருக்கிறார்.

"நான்தாம்மா," என்றார் தேவேந்திரன். "கொஞ்ச நேரம் நான் குழியில உக்காந்தேன். பேசிக்கினே மறந்துட்டேன்."

"அதானே பாத்தேன்! உங்களுக்குப் பேச்சு ஜாஸ்திண்ணே. பொண்ணு கல்யாணச் சேலயிலயாவது ஒழுங்கா இருக்கக் கூடாதா?" பூவம்மாள் சிரித்தாள். அவரும் கூடச் சேர்ந்து அசடு வழிந்தார்.

மஹாலட்சுமியால் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்த மனுஷனோடு பெரிய ரோதனை! தோளைத் தூக்க முடியாதவர் குழியில் உட்கார்ந்தாராம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லத் தெரியவில்லை.

"அவரு இல்ல, நான்தான்," என்றாள். "அவருக்குக் கையே மேல போவாது, எங்க நெய்யறது? கோவத்துல நான்தான் மறந்தேன். பழியையும் அவர் மேல போட்டேன்."

பூவம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையை மூலையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அறுந்த கரைப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பிரிங்க. அறுந்த இழய நான் முடி போடறேன். எம்மருமவ கட்டப்போற சேல, என் கையும் படட்டுமே."

மூன்று தலைகள் தறி மேல் குனிந்தன. தெருவில் ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே கத்தரிச் சத்தம் மட்டும்தான். தேவேந்திரன் தலை நிமிராமல் ஊடையை உருவிக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக இந்த அமைதிக்குத்தான் மஹாலட்சுமி ஏங்கினாள். கிடைத்ததும் அதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏங்க, எதுனா பேசுங்களேன்," என்றாள். "நீங்க பேசாம இருந்தா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது."