கோலி எழுத்தும் ஓர் அளவு ரவிக்கையும்

1

“மோகன், என் மூஞ்சப் பாத்துச் சொல்லு. அந்த எழுத்து உன்கிட்டயும் என்கிட்டயும்தான் இருந்துச்சி. அதுக்கு என்ன, கால் முளைச்சித் தண்ணீர்மலைக்கு நடந்து போச்சா?”

“நான் யாருக்கும் குடுக்கலன்னு எத்தன வாட்டிலா சொல்றது? எழுதிக் கையெழுத்து போட்டுத் தரணுமா?” என்று மோகன் கத்தினான்.

“போட்டுக் குடு! அதையும் என் எழுத்துலயே போட்டுக் குடு!”

இந்தக் கதை எனக்குக் கூரையிலிருந்து கிடைத்தது. ஜார்ஜ் டவுன் லெபோ பாசார் தெருவில் என் தையல் கடைக்கு மேல்மாடியில் அனுஜா, மோகன் இருவருடைய அலுவலகம். நடுவில் பழைய பலகைத் தளம். மேலே பென்சில் விழுந்தால் அது எந்தப் பக்கம் உருண்டது என்றுகூட எனக்குத் தெரியும். சண்டை ஆரம்பித்ததும் மெஷினை நிறுத்தினேன். ஒட்டுக்கேட்க அல்ல, நூல் தீர்ந்துவிட்டது.

(நூல் தீரவில்லை. ஞாயிறு மலர் வாசகர்களிடம் முதல் பகுதியிலேயே மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.)

2

வேறு தொடக்கங்களும் எழுதிப் பார்த்தேன்.

‘ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு ஒன்றில், கண்களில் கனவோடு ஓர் இளம்பெண்—’

நிறுத்திவிட்டேன். அனுஜாவுக்கு முப்பத்திரண்டு வயது. அவள் கண்ணில் கனவை நான் பார்த்ததில்லை. கெலுகோரிலிருந்து வரும் வழியில் மாட்டிய டிராபிக் ஜாம் பற்றித் திட்டிக்கொண்டே படியேறுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

‘எழுத்துரு எனப்படுவது யாதெனில்—’

இதைப் படித்த என் தங்கை, “என்னக்கா, பரீட்சை பேப்பரா?” என்றாள். அதுவும் போனது.

சுருக்கமாகச் சொல்கிறேன். அனுஜா எழுத்து வரைபவள். கதை எழுதுவது வேறு, இது வேறு. ‘அ’ எப்படி வளைய வேண்டும், ‘ட’ எவ்வளவு தடியாக இருக்க வேண்டும் என்று கணினியில் வரைந்து, டிசைன் செய்பவர்களுக்கு விற்பாள். மோகனராஜ் அவளுடைய கூட்டாளி, வாடிக்கை பிடித்து வருபவன். ஆவணியில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனும் அவன்தான்.

மூன்று வருடம் உட்கார்ந்து அவள் வரைந்த எழுத்துக்குக் கோலி என்று பெயர். முழு வட்டம், அரை வட்டம், நேர்கோடு, அவ்வளவுதான். பக்கம் பக்கமாகப் படிக்க அது உதவாது. தலைப்பு, பெயர்ப்பலகை, சுவரொட்டி என்று தூரத்திலிருந்தே ஆளைக் கூப்பிட வேண்டிய இடத்துக்கான எழுத்து.

3

ஒருநாள் நான் மேலே போனேன். (நாளிதழ் கொடுக்க. நாளிதழ் முந்தைய நாளுடையது.) திரையில் ஒரு பெரிய வட்டம், பக்கத்தில் ஒரு கம்பிபோல் நேர்கோடு.

“என்னம்மா, வட்டம் அடிக்கோட்டத் தாண்டிக் கீழ வழியுதே? நான் இப்படித் தச்சா ரவிக்கைய மூஞ்சிலயே எறிவாங்க.”

“வேணும்னுதான்க்கா. கோட்டுமேல சரியா உக்கார வெச்சா, வட்டம் சின்னதாத் தெரியும். கொஞ்சம் தாண்ட விட்டாத்தான் கண்ணுக்குச் சரியா இருக்கும்.”

“அப்ப காம்பஸ் பொய் சொல்லுதா?”

“காம்பஸ் சொல்லாதுக்கா. கண்ணுதான்.”

அன்றுதான் வங்கி விஷயமும் தெரிந்தது. (அவள் சொல்லவில்லை. பலகைத் தளம் சொன்னது.) கோலாலம்பூரில் ஒரு வங்கி, தன் தமிழ் விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் கோலியைக் கேட்கிறது. ஒரே நிபந்தனை: ஐந்து வருடத்துக்கு வேறு எங்கும் அந்த எழுத்து கண்ணில் படக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்து தைப்பூசத்துக்கு அடுத்த வாரம். அது கிடைத்தால் பிறருக்குப் பெயர் அட்டை அடித்துக் கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, காலம் முழுக்க எழுத்து மட்டுமே வரையலாம். அதைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள்.

4

தைப்பூசத்தன்று அனுஜா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து போனாள். முதல் பந்தலில் ‘மோர் இங்கே’ என்ற பேனர். அவளுடைய எழுத்து, ஆள் உயரத்தில். அடுத்த பந்தலில் ‘பக்தர்களே வருக’. அதற்கடுத்து அன்னதானம், முதலுதவி, தொலைந்த பிள்ளைகளை இங்கே ஒப்படைக்கவும். பதினான்கு பந்தல் எண்ணிவிட்டு, கோயிலுக்குப் போகாமலே திரும்பினாள்.

வங்கி ஆட்களும் சாமி கும்பிடுகிறவர்கள்தாமே. பேனர் படங்கள் மறுநாளே கோலாலம்பூர் போய்ச் சேர்ந்தன. ஊருக்கே மோர் ஊற்றும் எழுத்து தங்களுக்கு வேண்டாம் என்று வங்கி ஆங்கிலத்தில் நாகரிகமாக எழுதியது.

அதற்கடுத்த காலைதான் பகுதி ஒன்றில் நீங்கள் கேட்ட சண்டை.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். முதல் வரைவில் மோகனராஜைத்தான் குற்றவாளியாக்கியிருந்தேன். வசதியாக இருந்தது. “கோயிலுக்குத்தானே, ஒரு பேனருக்குக் குடுத்தா என்ன கொறஞ்சிடும்?” என்று ஒருமுறை அவன் சொன்னதும் உண்மை, அனுஜா அதை மறக்காததும் உண்மை. அவளுடைய பென்டிரைவ் காணாமல் போனபோது, அவன் காரில் விழுந்திருக்கும் என்றுதான் அவளும் நினைத்தாள்.

எழுதிப் படித்தேன். பாத்திரம் நிற்கவில்லை. மோகனராஜ் கேட்காமல் ஒரு ரப்பரைக்கூட எடுக்க மாட்டான். இன்னொன்று: முதல் பகுதியில் அவனைக் கத்த வைத்திருக்கிறேன். உண்மையில் அவன் குரல் உயரவே இல்லை. கேட்க நான் முக்காலிமேல் ஏற வேண்டியிருந்தது. குற்றவாளிபோலத் தெரியட்டும் என்று அவனைக் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே வழிய விட்டேன்.

சரி, சொல்லிவிடுகிறேன்.

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் முன்பு, நிச்சயதார்த்த ரவிக்கை தைக்க அனுஜா ஒரு பை கொண்டுவந்தாள். உள்ளே பட்டுத் துணியும், அளவுக்கு அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றும். வாடிக்கைக்காரர் பையை அடிவரை பார்ப்பது என் வழக்கம்.* பையின் அடியில் ‘கோலி’ என்று எழுதி ஒட்டிய பென்டிரைவ் இருந்தது.

*ஊசி கிடக்கலாம். இருபது வருடமாக ஒரு ஊசியும் கிடந்ததில்லை.

எங்கள் தெருப் பந்தலுக்கு பேனர் அடிக்கும் பொறுப்பு அந்த வருடம் என்னிடம். அடித்துக் கொடுப்பவன் செபராங் ஜெயாவில் கடை வைத்திருக்கும் ஹரீஷ்.

“ஹரீஷ், இதுல ஒரு எழுத்து இருக்கு, முத்து முத்தா இருக்கும். அதுலயே போடுப்பா.”

“யாரோடதுக்கா?”

“நம்ம புள்ளையோடதுதான்லா.”

நம்ம புள்ளையோடது என்றால், கேட்க வேண்டியதில்லை என்று எங்கள் ஊரில் பொருள். ஹரீஷ் அதை பேனர் அடிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அவர்களும் கேட்கவில்லை.

நடுவில் அனுஜா ஒருமுறை இறங்கி வந்தாள். “அக்கா, என் பையில ஒரு பென்டிரைவ் இருந்துச்சா?”

“இல்லையேம்மா,” என்றேன். அப்போது அது ஹரீஷிடம் இருந்தது. ஆகவே சொல் அளவில் அது பொய்யல்ல. (இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறை திரும்ப எழுதினேன். இருக்கட்டும்.)

6

முடிவுகள் மூன்று தைத்து வைத்திருக்கிறேன். போட்டுப் பாருங்கள்.

ஒன்று: சண்டை நடக்கும்போதே நான் படியேறி உண்மையைச் சொல்கிறேன். அவள் அழுகிறாள், அவன் கண்ணைத் துடைக்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுகிறார்கள். இது நடந்திருக்கலாம். பதினெட்டே படி.

இரண்டு: ஹரீஷ் வந்து சொல்லிவிடுகிறான். ஆனால் அது யாருடைய எழுத்து என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மூன்று: கோலி ஊரெல்லாம் பிரபலமாகி, வங்கி திரும்ப வந்து கெஞ்சுகிறது. பத்திரிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். முதல் பாதி நடந்தேவிட்டது. இப்போது கோழிக்கடை வரை கோலிதான். அனுஜாவிடம் யாரும் கெஞ்சவில்லை. அவள் பெயரே ஒருவருக்கும் தெரியாது.

7

நடந்தது இது. சித்திரையில் அனுஜா மேல்மாடியைக் காலி செய்துவிட்டு மெல்பர்ன் போனாள். அங்கே ஒரு நிறுவனத்தில் மற்றவர்கள் வரைந்த எழுத்துகளைச் சரிபார்க்கிறாளாம். ஆவணியில், அனுஜாவுக்கென்று பேசியிருந்த அதே மண்டபத்தில், மோகனராஜுக்கும் சிம்பாங் அம்பாட்டைச் சேர்ந்த லோகேஸ்வரிக்கும் கல்யாணம் நடந்தது. மணப்பெண் ரவிக்கை நான்தான் தைத்தேன். கல்யாணப் பத்திரிகை கோலி எழுத்தில் வந்திருந்தது. அச்சகத்தில் இப்போது எல்லாருக்கும் அதுதான்.

“வேற எழுத்து கேக்கலையா தம்பி?” என்றேன்.

“கேட்டேன்க்கா. அதுதான் நல்லாருக்குன்னுட்டாங்க.” பத்திரிகையை என் கையில் வைத்தவன், ஒரு நிமிடம் அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

போன வாரம் மெல்பர்னிலிருந்து செய்தி: ‘அக்கா, என் அளவு ரவிக்கை உங்ககிட்டயே தங்கிடுச்சி. அனுப்ப முடியுமா?’ கீழே முகவரி. ‘என்னம்மா விசேஷம்? மாப்பிள்ளை யாரு?’ என்று உடனே கேட்டேன். படித்ததற்கு அடையாளம் மட்டும் விழுந்தது.

ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றியதாகச் சொல்கிறேன்.

ரவிக்கையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்தாயிற்று. ஹரீஷ் திருப்பித் தந்த பென்டிரைவ் பொத்தான் டப்பாவில் இருக்கிறது. பெட்டியில் அதற்கும் இடம் இருக்கிறது. மூன்று பக்கம் டேப் ஒட்டிவிட்டேன். நான்காவது பக்கத்தை நீங்கள் வந்து ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் பொத்தான் டப்பாவைத் திறப்பதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

தபால் நிலையம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.