மாமன் மடி

ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கினாள் குருவம்மாள். குரங்கணியிலிருந்து மேடேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ராசிங்காபுரத்தில் குலசாமி முன்னால் பிள்ளை ஜக்கம்மாளுக்குக் காதுகுத்து. தாய்மாமனான அவள் அண்ணன் திருப்பதிக்குத் தோட்டத்துத் துரை லீவு தரவில்லை என்று காலையில்தான் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"வரமாட்டேன்னு சொல்லிவிட உனக்கு எப்படிண்ணே வாய் வந்துச்சு?"

திருப்பதி காய் உலர்த்தும் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் தலைகுனிந்து நின்றான். "அனல் குறைஞ்சா காய்ல பச்சை போயிரும் ஆத்தா. மாத்திவிட ஆள் இல்ல."

"உன் பொறந்த வீட்டுல புல்லு மொளச்சிருச்சாடின்னு இப்பவே மாமியா கேக்குது. அப்பனும் ஆத்தாளும் போனப்புறம் எனக்குன்னு நீ ஒருத்தன்தான் இருக்கே. அடுப்பைக் கட்டிக்கிட்டு அழு."

சத்தம் கேட்டுக் கணக்கப்பிள்ளை சத்தியநேசன் வந்தார். அவரை விடாமல் இழுத்துக்கொண்டு பங்களா வராந்தாவில் போய் நின்றாள் குருவம்மாள்.

வெள்ளைக்காரத் துரை பொறுமையாகத்தான் கேட்டார், பிள்ளைக்கு வீட்டில் யார் யார் என்றும் கணக்கப்பிள்ளையிடம் விசாரித்தார். பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு ஏதோ சொன்னார். சத்தியநேசன் தயங்கித் தயங்கி அதைத் தமிழில் சொன்னார்.

"புள்ளைக்கு ஊர்லயே இன்னொரு அங்கிள் இருக்காராமே, அவர் மடியில உட்கார வைக்கலாமேங்கிறார்."

"யாரந்த ஆளு?"

"உங்க கொழுந்தனார் ராஜாராம்தான். அவுக பாசையில சித்தப்பனுக்கும் மாமனுக்கும் ஒரே பேரும்மா."

குருவம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "சித்தப்பன் அப்பன் வீட்டு ஆளு. அவன் மடியில வெச்சுக் குத்துனா, எனக்குப் பொறந்த வீடே இல்லைன்னு ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி. அம்புட்டுப் படிச்சிருக்கீங்களே, இதைச் சொல்ல உங்களுக்கு வழி இல்லையா?"

பிறகு துரை பக்கமே திரும்பினாள். "உங்க ஆத்தாளுக்குக் கூடப்பொறந்தவன் இல்லையா? உங்களை ஒருநாள்கூடத் தூக்குனதில்லையா?"

துரை திகைத்துப்போய்க் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். சத்தியநேசன் அதை மொழிபெயர்க்கவில்லை. அதற்குப் பதில் தானாகவே மெதுவாகப் பேசத் தொடங்கினார். பச்சைப் பிள்ளையை ஏந்துவதுபோல் ஒரு கையை வளைத்து, மறுகையால் அதன் நெற்றியில் தண்ணீர் விடுவதுபோல் காட்டினார். துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். சுருக்கமாக ஏதோ கேட்டார், தலையசைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"எங்க கோயில்ல ஞானஸ்நானத்துக்குப் புள்ளையத் தாங்க ஞானத்தகப்பன்னு ஒருத்தர் நிப்பார். இவுகளுக்கு மாமன் அந்த மாதிரி, அந்த எடத்துல வேற ஆளு உட்காரக் கூடாதுன்னேன். அவருக்கும் அப்படி ஒருத்தர் இருந்தாராம்."

"அண்ணனை விட்டுட்டாரா?"

"அடுப்புக்கு ஆள் காட்டச் சொன்னார். நான் இருக்கேன்னுட்டேன்."

பொங்கி வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை குருவம்மாளுக்கு. "இதை மொதல்லயே சொன்னா என்ன?"

"தோணலைம்மா."

"நாளைக்கு நீங்க கோயிலுக்குப் போவணுமே?"

"அடுப்படியில முழங்கால் போட்டா ஆண்டவர் வேண்டாம்பாரா?" என்று சொல்லிவிட்டு சத்தியநேசன் ஸ்டோரை நோக்கி நடந்தார்.

குருவம்மாள் துரைக்குக் கும்பிடு போடவில்லை. திருப்பதி பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். பின்னால் போனவள் நாலு எட்டு வைத்து நின்றாள். விறுவிறுவென்று ஸ்டோருக்குத் திரும்பி, வழிக்குக் கட்டி வந்த புளிச்சோற்று மூட்டையை அடுப்பருகே உட்கார்ந்திருந்தவர் பக்கத்தில் வைத்தாள்.

"தின்னுங்க. பட்டினியாக் கெடந்து மயங்கி விழுந்தா, காய் கெட்டதுக்கும் எங்க அண்ணனைத்தான் கேப்பாங்க."

குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை.