நாற்பத்தோராம் படியில் வால்

1

இந்தக் கதை திருடியது. என் அக்கா மகள் (வீட்டில் எல்லோருக்கும் ‘வால்’) சாப்பிட்டுக்கொண்டே சொன்னதை அப்படியே சுருட்டிக்கொண்டேன். கையும் களவுமாகப் பிடிபட்டபோது இரண்டு நிபந்தனைகள் போட்டாள். ஊன்றுகோலை எதற்கும் குறியீடாக்கக் கூடாது. அவளை அழவைக்கக் கூடாது. அதாவது, என் பிழைப்பில் மண்.

2

‘மூன்று மாதங்களுக்குப் பிறகு பள்ளி வாசலில் அவள் நின்றபோது, காற்றுகூட ஒரு கணம்...’

(வேண்டாம். அன்று காற்றே இல்லையாம்.)

மறுபடியும். டைஃபாய்டு காய்ச்சலோடு குளிக்கப் போய், தலைசுற்றி விழுந்து, காலையும் உடைத்துக்கொண்டவள் வால். பதினைந்து வயது. அவள் வகுப்பு இரண்டாம் மாடியில், நாற்பத்திரண்டு படிகளுக்கு மேல். யார் கையையும் பிடிக்காமல் ஏறிப்போய்த் தன் ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று, ஒரு மாதமாக எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் பழகினாள். தோழிகளிடம் மூச்சுவிடவில்லை.

3

தோழிகளும் அவளிடம் மூச்சுவிடவில்லை. முந்தின நாள் மாலை முப்பத்தாறு பேரும் சேர்ந்து, மொத்த வகுப்பையும் கீழே ஓவிய அறைக்கு இறக்கியிருந்தார்கள்.

“எல்லாம் உனக்காகத்தாம்மா,” என்றார் கணக்கு டீச்சர்.

வாலின் முகம் தொங்கிப்போயிற்று. “நான் மேல ஏறணும் டீச்சர்.”

“மேல ஒண்ணுமே இல்லடி,” என்றாள் வகுப்புத் தலைவி நெட்டை. “குப்பைக்கூடையக்கூட எறக்கிட்டோம்.”

“அப்ப என் பெஞ்ச மேல எடுத்துட்டு வாங்க.”

(இங்கே டீச்சரை வில்லியாக்கிவிடலாம் என்று ஆசைப்பட்டேன். அந்த அம்மாளோ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துவிட்டார். நான் என்ன செய்ய?)

4

முன்னால் வால். கையில் ஊன்றுகோல். (வெறும் ஊன்றுகோல்.) பின்னால் பெஞ்சு. அதற்குப் பின்னால் மொத்த வகுப்பு. அவள் நின்றால் போதும், முழங்காலுக்குப் பின்னால் பெஞ்சு வந்து முட்டும்.

“உக்காருடி.”

“மாட்டேன்.”

முதல் மாடியில் நெட்டைதான் உட்கார்ந்தாள். “மூணு மாசம் படுத்துக் கெடந்தது நீயா, நாங்களாடி?” என்று மூச்சிரைக்கக் கேட்டாள். டீச்சர் சிரித்ததில் பெஞ்சு ஆடியது. பெஞ்சு ஆடியதில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டே வால் ஏறினாள்.

நாற்பத்தோராம் படியில் அவள் கால் நடுங்கியது. அவளுக்குப் பயமாக இருந்தது. எழுதும்போது எனக்கும்தான்.

5

முடிவு அ: ஏறிவிட்டாள். அனைவரும் கைதட்டினார்கள். (பெஞ்சைப் பிடித்திருக்கிற கையாலா?)

முடிவு ஆ: கால் வழுக்கியது. பெஞ்சு அவளைத் தாங்...

இந்த இடத்தில் வால் என் பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

“ரெண்டுமே வேணாம் சித்தி. அந்தப் படியில எனக்குப் பயமாவும் இருந்துச்சு, சிரிப்பாவும் வந்துச்சு. அங்கயே நிறுத்து.”

“ஏறினியா இல்லையான்னு படிக்கிறவங்க கேப்பாங்களேடி?”

“சும்மா நின்னு கேக்கறதுக்கு, வந்து ஒரு கை புடிக்கச் சொல்லு. பெஞ்சு கனம்.”

சொல்லிவிட்டேன். நெட்டைக்குத் தோள் வலிக்கிறது. அவள் முனையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள், பெஞ்சை மட்டும் விட்டுவிடாதீர்கள். வாலைத் தொட வேண்டாம். அவள் காலைத் தூக்கிவிட்டாள்.