மூன்றாவது தொட்டியின் ருசி

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே முக்காலுக்கு ரசாயன ஆலையின் மூன்றாவது தொட்டி வெடித்துப் பதினேழு பேர் செத்தார்கள். அதே நிமிடத்தில் ஆலையைச் சுற்றிக் குடியிருந்த நாலாயிரம் பேருக்கும் நாக்கில் ருசி போயிற்று. டாக்டர்கள் டார்ச் அடித்துப் பார்த்து, நாக்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படி எழுதிய டாக்டர்கள் குடித்த காபியும் வெந்நீராகத்தான் இருந்தது. ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் எல்லோருக்கும் உடுப்பு தொளதொளத்தது.

செத்தவர்களில் ஒருவர் ஆலைக் கேன்டீன் சமையல்காரியின் அண்ணன், மூன்றாவது தொட்டியின் ஆபரேட்டர். வால்வைத் திறக்க மறந்தவர் அவர்தான் என்று மேனேஜர் விசாரணையில் சொன்னார். இல்லை என்று சொல்லக்கூடிய ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை. மற்ற பதினாறு வீட்டுப் பெண்களும் சமையல்காரியின் அண்ணியோடு பேச்சை நிறுத்தினார்கள். அவள் வீட்டுக் கதவில் யாரோ கரியால் 'கொலைகாரன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணி அதை அழிக்கவில்லை.

வெடித்த அன்று அடுப்பில் இருந்தது காலிஃபிளவர். அண்ணனுக்கு அது என்றால் உயிர். அதன் பிறகு சமையல்காரி அதைத் தொடவே இல்லை. ஏழாவது வாரம், ஆட்கள் தட்டை அளைந்துகொண்டிருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், முழுப் பூவாக எண்ணெயும் உப்பும் தடவி, ஓரம் கறுக்கும்வரை சுட்டாள். மேலே சிவக்கப் பொரித்த பூண்டு, எண்ணெயில் நசுக்கிய காய்ந்த மிளகாய், கொரகொரப்பாக இடித்த வேர்க்கடலை, எலுமிச்சைத் தோல், உப்புத் தூக்கலான சீஸ் துருவல் எல்லாவற்றையும் கை நிறையத் தூவினாள்.

முதல் வாய் வைத்த வெல்டர் எழுந்து நின்றுவிட்டார். உப்பும் உறைப்பும் திரும்ப வந்திருந்தன. கூடவே மூன்றாவது தொட்டியும் வந்திருந்தது. காதோரம் போன் சுட்டது. தொண்டையிலிருந்து ஆபரேட்டரின் குரல் எழுந்தது: "சார், பிரஷர் ஏறிக்கிட்டே இருக்கு. நிறுத்திடட்டுமா?" மறுமுனையில் மேனேஜர்: "லோடு முடியட்டும்யா. சும்மா சும்மா போன் பண்ணாதே." மூன்று தடவை அப்படி. பிறகு வால்வை நோக்கி ஓட்டம், மற்றவர்களை வெளியே போகச் சொல்லிக் கத்தல், வெள்ளை வெளிச்சம். அன்று கேன்டீனில் அறுபது பேருக்குள்ளும் தொட்டி வெடித்தது. வெடித்து முடிந்ததும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். பசி அப்படி.

சாயங்காலமே பதினாறு பெண்களும் டப்பாவில் வாங்கிப் போனார்கள். மறுநாள் அண்ணி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தி ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள்.

அண்ணியோ மூன்று மாதம் அதைத் தொடவில்லை. ஒருநாள் நாத்தனாரிடம் கேட்டாள்: "கடைசியில என்னைப் பத்தி ஏதாவது நினைச்சாரா?"

"இல்ல அண்ணி."

ஊரே சாப்பிட்ட பிறகு பொய் சொல்ல முடியாது. அடுத்த நாள் அண்ணி கேன்டீனுக்கு வந்து முழுத் தட்டும் சாப்பிட்டாள். வெளிச்சத்துக்கு ஒரு நொடி முன்னால், கேன்டீன் பக்கமிருந்து வந்த வாசனையை மோந்து, 'இன்னிக்கும் தீய விட்டுட்டா' என்று அவர் நினைத்தது அவளுக்குக் கேட்டது. "சாகப் போறப்பவும் சாப்பாட்டு நினைப்பு, இந்த மனுஷனுக்கு," என்று சிரிக்க ஆரம்பித்தாள். அவளைத் தேற்ற நாலு பேர் வேண்டியிருந்தது.

விசாரணை அறிக்கையில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ருசி சாட்சியாகாது என்றார்கள்.

மேனேஜர் எட்டு மாதம் ருசி இல்லாமலே தாக்குப் பிடித்தார். பிறகு எலும்பும் தோலுமாக வரிசையில் வந்து தட்டை நீட்டினார். சமையல்காரி மற்றவர்களுக்குப் போடும் அளவே அவருக்கும் போட்டாள். முதல் வாய் வைத்து, போனில் தன் குரலையே கேட்டதும் அவர் கையிலிருந்து தட்டு விழுந்தது.

"இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாதும்மா."

"மூணு தடவை சொன்னாரு, சார்."

அவர் குனிந்து, தரையில் கிடந்ததைப் பொறுக்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம், ஓய்வு பெறும்வரை, தினமும் பன்னிரண்டரைக்கு வந்தார், சாப்பிட்டார், வெடித்துச் செத்தார், ஒன்றரைக்கு அலுவலகம் திரும்பிக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டார். கூட்டம் குறைவான நாட்களில் இரண்டாம் தடவையும் கேட்பார். சமையல்காரி இல்லை என்று சொன்னதில்லை.