கேட்டைத் தாண்டாத ஜீப்

அந்த ஜீப்பைப் பற்றி ஆம்பூரில் இன்னமும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார்கள். பட்டாளத்தில் கழித்துவிட்டு, தோல் பதனிடும் எங்கள் டேனரிக்கு வந்த வண்டி. இடது பக்கம் திருப்பினால் தானாக ஹாரன் அடிக்கும். தரையில் இருந்த ஓட்டை வழியே ரோடு தெரியும். கிளப்புவதற்கு முன்னால் செருகிச் சுற்றும் ஹேண்டிலை அசந்து பிடித்தால் திருப்பி அடித்து மணிக்கட்டை முறித்துவிடும். ஆனாலும் லாரிகள் சிக்கித் திணறும் பாலாற்று மணலில் அது அலட்டாமல் ஏறிப் போகும். எனக்கும் அதன் மேல் உயிர்தான்.

என் வீட்டுக்காரர் தேவசகாயம்தான் அதற்கு டிரைவர். நான் அதே டேனரியில் தோல் உலர்த்துகிறவள். வேறு யார் ஓட்டினாலும் வண்டி கிளம்பும், டேனரி கேட் வரைக்கும் போகும், அங்கே நின்றுவிடும். மெக்கானிக் வந்து பார்த்தால் ஒழுங்காக ஓடித் தொலைக்கும். "அதுக்கு என்னை விட்டா ஆளு இல்ல சவுரி" என்பார் என்னிடம். ஜீப்தான் உன் சக்களத்தி என்று எல்லோரும் என்னைக் கேலி செய்வார்கள். நானும் சிரிப்பேன்.

அவருக்கு முன்னால் டிரைவராக இருந்தவர் சாமிநாதன். முதலாளியின் மச்சான் மகன் வண்டி ஓட்டப் பழகியதும் அவரைத் தோல் ஊறும் சுண்ணாம்புக் குழி வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். கால் தோல் உரிந்து, நடக்க முடியாமல் போய், வீட்டோடு கிடந்தார். அந்தப் பையன் கொஞ்ச நாளில் அலுத்து விட்டதும் என் வீட்டுக்காரரை வைத்தார்கள். பிறகு அவன் திரும்ப ஓட்ட வந்தபோது, என்ன காரணத்தாலோ அவனுக்கும் ஜீப் கேட்டைத் தாண்டவில்லை. என் வீட்டுக்காரர் வேலை நிலைத்தது.

எண்பத்தொன்றில், ஐப்பசி மழையில், கழிவுத் தொட்டியை அள்ள இறங்கிய, எங்களோடு வேலை பார்த்த ரத்தினசாமி விஷவாயு தாக்கி விழுந்தான். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் குதித்தார். கயிறு கட்டி அவனை மேலே அனுப்பினார். இவர் சரிந்தார். தூக்கியபோது மூச்சு இருந்தது, நான் பார்த்தேன்.

இவரை ஜீப்புக்குள் பின்பக்கம் கிடத்தி, தலையை என் மடியில் வைத்தார்கள். மேனேஜர் கிறிஸ்துராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதல் சுற்றிலேயே வண்டி கிளம்பியது. கர்த்தரே என்றேன். கேட்டில் நின்றுவிட்டது.

சுற்றினார்கள், தள்ளினார்கள், திட்டினார்கள். இவர் கண் திறக்கவில்லை. வலது கை மட்டும் டிரைவர் சீட்டின் பக்கம் ஊர்ந்தது.

"பொழைச்சிக்குவாரு அக்கா, இப்பவும் வண்டிய தேடறாரு பாரு" என்று அழுதான், அதற்குள் தெளிந்து கூட வந்திருந்த ரத்தினசாமி.

கடைசியில் ஒரு லாரியை மறித்து ஏற்றினோம். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. பள்ளிகொண்டா வருவதற்குள் அடங்கிவிட்டார்.

அடக்கம் முடிந்த வாரம் மெக்கானிக் ஜியாவுல்லா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கையில், குழாயை மூடித் திறக்கும் சின்னப் பித்தளைத் திருகு.

"சீட்டுக்கு அடியில, பெட்ரோல் பைப்புல மாட்டி வெச்சிருந்தாரும்மா. எறங்கும்போது மூடிட்டா, மிச்சம் இருக்கிற பெட்ரோல்ல கேட் வரைக்கும்தான் ஓடும். நான் வந்தா முன்னாடியே தொறந்து வெச்சிருவாரு போல. மொதலாளிகிட்ட சொல்லல. பழைய வண்டி, அப்படித்தான்னு சொல்லிட்டேன்."

சாமிநாதன் கதி தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்த மனிதர் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் என்னிடமாவது சொல்லியிருக்கலாம்.

இப்போது மச்சான் மகன்தான் ஓட்டுகிறான். ஜீப் ஒரு நாளும் நிற்பதில்லை. தேவசகாயம் ஆவியாகக் கூடவே போகிறார் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

எனக்கு அந்த வலது கைதான் நினைவு. சீட்டுக்கு அடியில் இருந்த திருகை அது தொட இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. நான் அந்தக் கையை இழுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.