மங்களத்துக்கு முன்னால்

அன்று காலை அங்கம்மாவின் கை ரப்பர் மரத்தில் இருந்தது, மனம் மகனிடம் இருந்தது. கத்தி பட்டையைக் கொஞ்சம் ஆழமாகவே கீறிவிட்டது. அடுத்த நிரையில் பால் வெட்டிக்கொண்டிருந்த கருப்பாயி எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"மரத்தைக் கொன்னுடாத லா. கங்காணி பாத்தாருன்னா அரைப் பேருதான் போடுவாரு, அரை நாள் கூலி போயிரும். ஒம்மவன் சாயங்காலம் ராணியா வரப்போறான்னு நீ இப்பவே மகாராணி ஆயிட்டியா?"

"போக்கா. ஒரு வருசமாச்சு அவன் மூஞ்சியப் பாத்து."

மலாயாவில் யோங் பெங் பக்கத்துத் தோட்டம் அது. போன வருடத் திருவிழாவுக்கு ஐயாசாமி வாத்தியாரின் பாலர் நாடகக் கம்பெனி வந்திருந்தது. பையன்கள் எல்லாரும் தாய் தகப்பனை ஊரில் விட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். கோயிலில் அங்கம்மாவின் மகன் செல்லப்பன் பாடியதைக் கேட்ட வாத்தியார் அசந்துபோனார். இந்தத் தொண்டைக்கு இந்தக் காட்டில் என்ன வேலை, மூன்று வருடம் என்னோடு அனுப்பு, ராணி வேஷம் கட்டிச் சிங்கப்பூரையே மயக்கிவிடுவான் என்றார். புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற அங்கம்மா காகிதத்தில் கைநாட்டு வைத்தாள். மகன் கையில் பால்வெட்டும் கத்தி ஏறக்கூடாது, அவ்வளவுதான் அவள் ஆசை. அதிலிருந்து தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவள் பேச்சு முழுக்க மகனைப் பற்றித்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கேட்டவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

நேற்றே கம்பெனி லாரியில் வந்து இறங்கி, ரப்பர் காயப்போடும் பழைய கொட்டகையில் தங்கிவிட்டது. அங்கம்மா புட்டு அவித்துக்கொண்டு ஓடினாள். வாத்தியார் வாசலிலேயே மறித்துவிட்டார்.

"நாடகம் முடியிற வரைக்கும் ஒறவு பாக்கக் கூடாதும்மா. அது கம்பெனி சட்டம். அம்மா மூஞ்சியப் பாத்தா பசங்க பாடத்தை மறந்துருவானுங்க."

பெரிய மனுஷர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் திரும்பி வந்துவிட்டாள். புட்டுப் பாத்திரம் மட்டும் உள்ளே போனது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கே மாரியம்மன் கோயில் முன்னால் நாடகம் தொடங்கியது. காஸ் விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பட்டும் நீளக் கை ரவிக்கையுமாகச் செல்லப்பன் வந்து நின்றபோது, பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. ஓர் அங்குலம் வளர்ந்திருந்தான். கன்னம் மட்டும் ஒட்டிக் கிடந்தது. அரிதாரம் பூசினால் அப்படித்தான் தெரியும்போல என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

நாடு இழந்த ராணி காட்டில் அழுது பாடும் கட்டம். பாட்டு மேலே ஏறும் இடத்தில் செல்லப்பனின் குரல் கீச்சென்று இரண்டாகப் பிளந்தது. கூட்டம் சிரித்தது. பதின்மூன்று வயசு, மகரக்கட்டு வந்துவிட்டது. ஆண்பிள்ளைக்கு அந்த வயதில் தொண்டை உடைவது ஊரறிந்த சங்கதிதான். ஆனால் பாட்டை முடித்துத் திரைக்குப் பின்னால் போனவன் அடுத்த காட்சிக்கு வந்தபோது, கண் மையெல்லாம் கரைந்து வழிந்திருந்தது.

நடிகனுக்கு மேடையிலேயே துணி போர்த்தி மரியாதை செய்வது தோட்டத்து வழக்கம். அங்கம்மாவும் யோங் பெங் கடையில் வாங்கிய சிவப்புத் துண்டோடு ஏறினாள். அதைத் தோளில் போட்டதும் செல்லப்பன் உடம்பைச் சுருக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டான். துண்டு பட்டதற்கு எந்தப் பிள்ளை அப்படிச் சுருங்கும்? ரவிக்கையின் பின்கழுத்தை அவள் விரலால் லேசாக விலக்கிப் பார்த்தாள். பிரம்பு பட்ட தழும்புகள். ஆறாத புண்ணின் மேலேயே அரிதாரத்தை அப்பி மறைத்திருந்தார்கள்.

"அம்மா, இப்ப ஒண்ணும் கேக்காத," என்று செல்லப்பன் உதடு அசையாமல் சொன்னான். "வாத்தியாரு பின்னாடி நிக்கிறாரு."

அவள் கத்தவில்லை, அழவில்லை. கீழே இறங்கிக் கருப்பாயியின் காதில் சொன்னாள். கருப்பாயி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். காட்டுத்தீ போலப் பெண்கள் பக்கம் முழுக்கச் சேதி பரவியது.

கதை முடிந்தது. பையன்கள் மங்களம் பாட வரிசையாக வந்து நின்றார்கள். வாத்தியார் ஆர்மோனியத்தில் விரலை வைத்த நேரம், அங்கம்மா மேடையேறி அதன் துருத்திப் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"மங்களம் பாடாதீங்க வாத்தியாரய்யா. எம்புள்ளய எங்கிட்ட விட்டுட்டுப் பாடுங்க."

அம்மன் முன்னால் ஆடிய நாடகம் மங்களம் இல்லாமல் நின்றால் தோட்டத்துக்கு ஆகாது, அம்மை போடும் என்பார்கள். கங்காணி வீரமுத்து பதறிப்போய் ஓடிவந்தார். வாத்தியாருக்கும் அதே பதற்றம். மங்களம் பாடாத கம்பெனி என்று பேர் எடுத்தால் அடுத்த ஊரில் எவன் கொட்டகை போடுவான்?

"ஏ அங்கம்மா, சாமி காரியத்தைக் கெடுக்காத! எறங்கு கீழ!"

"சாமிதான் பாத்துக்கிட்டு இருக்குதே கங்காணியாரே. நீங்களும் வந்து பாருங்க."

அதற்குள் கருப்பாயி தேங்காயெண்ணெயும் பழந்துணியுமாக ஏறிவிட்டாள். செல்லப்பனைக் காஸ் விளக்குப் பக்கம் திருப்பி, ரவிக்கையை இறக்கி, முதுகுச் சாயத்தைப் பதமாகத் துடைத்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

"அடியாத மாடு படியாதும்மா," என்றார் வாத்தியார். "நாங்களும் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம். மூணு வருசத்துக்குக் கைநாட்டு வச்சிருக்கே, ஞாபகம் இருக்கா?"

"மாடு வேணும்னா மாட்டுச் சந்தைக்குப் போங்க," என்றாள் கருப்பாயி. "இது புள்ள."

"பாட்டுக்குத்தான் கைநாட்டு வச்சேன். அவன் முதுகுக்கு வைக்கல," என்றாள் அங்கம்மா. பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை.

பெண்கள் ஒவ்வொருவராக மேடையைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக ஒருத்தியும் எழவில்லை. வாத்தியார் கூட்டத்தைப் பார்த்தார், கங்காணியைப் பார்த்தார், கடைசியில் செல்லப்பனைப் பார்த்தார்.

"தொண்டை உடைஞ்சவன். இனி இவனை வச்சு நான் என்ன பண்ண? கூட்டிக்கிட்டுப் போ."

"மத்த புள்ளைங்க?" என்றாள் கருப்பாயி. "இனிமே தொடமாட்டேன்னு சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

வாத்தியார் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். அங்கம்மா கையை எடுத்தாள். பையன்கள் மங்களம் பாடினார்கள். செல்லப்பன் ராணி வேஷத்தோடேயே அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது.

மறுநாள் திருவிழா விடுமுறை. லய வாசலில் செல்லப்பன் மூன்றாவது முறையாகக் கஞ்சி கேட்டான். அந்தக் கரகரத்த குரலைக் கேட்க அவளுக்குத் தேனாக இருந்தது. முதுகுக்கு மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் போட்டிருந்தாள். மகன் கையில் நாளைக்கே கத்தி ஏறலாம். ஏறட்டும், என் கண் முன்னால்தானே இருப்பான் என்று நினைத்தபோது நெஞ்சில் கிடந்த பாறாங்கல் இறங்கியதுபோல் இருந்தது.

கம்பெனி லாரி செம்மண் பாதையில் வந்து, சாமான் கட்டிய கயிறு தளர்ந்ததால் லயத்துக்கு எதிரே நின்றது. டிரைவர் இறங்கிக் கயிற்றை இறுக்கினான். திரைச்சீலை மூட்டைகளுக்கு நடுவில் பையன்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எல்லாருக்கும் சின்னவன், பால்பல் விழுந்த மணியம், செல்லப்பனைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அண்ணே, வலி கொறஞ்சிருச்சா?"

"கொறஞ்சிருச்சுடா. அடுத்தது எங்க?"

"காஹாங் தோட்டமாம்." மணியம் வாத்தியார் உட்கார்ந்திருந்த முன்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, காஹாங்குல யாரோட அம்மாவாச்சும் இருக்காங்களா?"

செல்லப்பன் அம்மாவைப் பார்த்தான். அங்கம்மா லாரியில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இஞ்சின் இரைந்து லாரி நகர்ந்தது. சத்தத்தில் பதில் காதில் விழவில்லை என்று நினைத்தானோ என்னவோ, மணியம் ஒரு கையைக் காதருகில் குவித்து வைத்தபடி, வளைவு திரும்பும்வரை இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனான்.