ரமோயின் நெஞ்சில் முரல்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவன் ரமோய். மலைட்டா தீவில் எங்கள் அடுத்த வீட்டுக்காரன், மீன் பிடிப்பவன். சொல்லும்போதே ஒரு நிபந்தனையும் வைத்தான்: "மீனை மட்டும் மாத்திடு. சுறான்னு எழுது."

எழுதிப் பார்த்தேன். 'ஆழ்கடலிலிருந்து ராட்சதச் சுறா ஒன்று...' வேண்டாம். சுறா கடிக்கும், குத்தாது. இவன் நெஞ்சில் இருப்பதோ விரல் நுனியளவு தழும்பு.

'பகையாளி எறிந்த ஈட்டி...' இதுவும் வேண்டாம். ரமோய்க்குப் பகையாளி கிடையாது. மச்சான்தான் உண்டு.

ஆகவே உண்மையே இருக்கட்டும். குத்தியது முரல் மீன். (கை நீள உடம்பு, ஊசி வாய். பெரிய மீன் துரத்தினால் தண்ணீரை விட்டு அம்பாகப் பாயும். எதிரே யார் என்று பார்ப்பதில்லை.)

2

அன்று காலை வள்ளத்தில் இரண்டு பேர்: ரமோய், அவன் மனைவியின் தம்பி டிமோ. பாய்ந்த முரல் ரமோயின் வலது விலாவில் இறங்கியது. ஊசி அலகு ஒடிந்து உள்ளேயே நின்றது, மிச்ச மீன் வள்ளத்தில் விழுந்து துள்ளியது. டிமோ முதலில் செய்த காரியம், துடுப்பால் மீனை அடித்தது. ("என்ன விட்டுட்டு மீன அடிச்சான்" என்று ரமோய்க்கு இன்னும் குறை.) பிறகுதான் அலகைப் பிடுங்கக் கை நீட்டினான்.

"கைய வெச்ச, கடிச்சிடுவேன்."

"ஒரே இழு மச்சான், வந்துடும்."

"ஏதாவது ஆனா உங்க அக்காகிட்ட நீயே சொல்லு. சரின்னா இழு."

டிமோவின் கை பின்வாங்கியது. அக்கா பயம் ஓர் உயிரைக் காத்தது என்று எழுதினால் மிகை போலத் தோன்றும். ஆனால் குத்தி நிற்பதை உருவினால், அது அடைத்துக்கொண்டிருக்கும் ரத்தமும் பீறிடலாம்.

3

டிமோ பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. இவ்வளவு வாய் ஒருவனுக்கு இருக்குமா? குறைத்து எழுதினேன். அப்போது அது டிமோவாக இல்லை.

கரைக்கு வந்ததும் கிளினிக்கில் நர்ஸ் எவர்லின் அலகு அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டினாள். ஆனால் ரமோய்க்குப் பேச்சு குறைந்தது, மூச்சு இரைத்தது, உதடு கறுத்தது. நுரையீரலிலிருந்து கசிந்த காற்று நெஞ்சுக்குள் சேர்ந்து, நுரையீரலையே நசுக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் இருக்கும் ஊருக்குப் படகில் போக வேண்டும். அதுவரை இவன் தாங்க மாட்டான். நெஞ்சில் குழாய் போட வேண்டும்.

"சிஸ்டர், முன்னாடி போட்டிருக்கீங்களா?" என்றான் டிமோ.

"போடறதப் பாத்திருக்கேன்."

"பாத்தா போதுமா? நான்கூடத்தான் விமானம் ஓட்டறதப் பாத்திருக்கேன்."

"அப்ப நீ ஓட்டு. நான் வெளிய நிக்கறேன்."

டிமோ மச்சானின் தோளைப் பிடித்தான்.

அவள் மரப்பு ஊசி போட்டு, அக்குளுக்குக் கீழே, இரண்டு விலாவுக்கு நடுவில் கீறி, விரலை உள்ளே விட்டாள். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. குழாயைச் செருகித் தைத்து, மறுமுனையைப் பாட்டில் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள். குமிழிகள் வந்தன. (தண்ணீர், காற்றை வெளியே விடும், திரும்ப உள்ளே விடாது.)

[இந்த இடத்தில் அவளைத் தேவதை என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு அடிக்கச் சொன்னாள். "விலா எலும்ப மூணு தடவ எண்ணிப் பாத்தேன். அத எழுதுங்க." எழுதிவிட்டேன்.]

4

படகில் பாட்டில் டிமோவின் பொறுப்பு. "நெஞ்சுக்குக் கீழயே இருக்கணும். தூக்கினா தண்ணி உள்ள போயிடும்" என்றாள் கூடவே வந்த எவர்லின். இரண்டு கையையும் வீசாமல் பேசத் தெரியாதவனிடம் இதைச் சொல்கிறாள். அவன் பாட்டிலைப் பாதங்களுக்கு நடுவில் வைத்து, இரு கையாலும் பிடித்துச் சிலையானான். எதிரே வந்த வள்ளக்காரன் "என்னாச்சு?" என்று கத்தியபோது புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

பாதி வழியில் குமிழி நின்றது. மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்க வேண்டிய குழாய்த் தண்ணீரும் அசையவில்லை. ரமோயின் கண்கள் செருகின. எவர்லின் குழாயை நெஞ்சிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். அவள் கை டிமோவின் தொடையில் வந்து நின்றது.

"குழாய் மேலதான் உக்காந்திருக்க. எந்திரி. பாட்டில் அங்கயே இருக்கட்டும்."

பாட்டிலை விடாமல், பின்புறத்தை மட்டும் வானத்துக்குத் தூக்கினான். குமிழி வந்தது.

அன்றே அறுவை சிகிச்சையில் அலகை எடுத்தார்கள். இப்போது ரமோய் என் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருக்கிறான். ஆகவே, பிழைத்தானா என்பது இந்தக் கதையின் முடிவு அல்ல.

5

முடிவு வேறு. குமிழி நின்றதும், எவர்லின் தேடிக்கொண்டிருக்கும்போதே, டிமோ குனிந்து ரமோயின் காதில் ஏதோ சொல்லியிருக்கிறான்.

"எஞ்சின் சத்தம். கேக்கல" என்கிறான் ரமோய், கடலைப் பார்த்துக்கொண்டு.

"நேரா படுன்னு சொன்னேன்" என்கிறான் டிமோ.

"நான் குழாயத்தான் பாத்தேன்" என்கிறாள் எவர்லின்.

நான் ஒரு மன்னிப்பு எழுதினேன், ஒரு ஜெபம் எழுதினேன், ஒரு கேலியும் எழுதினேன். மூன்றும் எழுத்தாளன் குரலில் இருந்தன. அடித்துவிட்டேன். இடம் அப்படியே இருக்கிறது:

டிமோ சொன்னான்: "........................"

நிரப்புவது உங்கள் பாடு. படகில் கிடப்பது உங்கள் மச்சான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கையை மட்டும் வீசாதீர்கள்.